எந்தப் புத்தகத்திலும் ஏறாத பெயர்

தம்பி,

இந்தக் காகிதம் தேயிலைத்தூள் பொட்டலத்துக்குள்ளிருந்து உன் கையில் விழுந்திருக்கும். பயந்துவிடாதே, எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. தலவாக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடை நானாவின் சாமான் லொறி வாரத்துக்கு ஒரு தடவை கொழும்புக்குப் போகிறதல்லவா, அதில் கொடுத்துவிட்டேன். இந்தக் காலத்தில் எவள் கடிதம் எழுதுவாள், போனில் ஒரு வார்த்தை சொன்னால் ஆகாதா என்று நீ முகத்தைச் சுளிப்பது இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது. போனில் சொல்ல வாய் வரவில்லை. அதோடு, நீ பார்க்கிற வேலையைக் கண்ணால் பார்த்த பிறகு எனக்குப் போனைத் தொடவே பயமாக இருக்கிறது. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். கடிதம் என்றால் ஒழுங்கான தமிழில் எழுத வேண்டும் என்று யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் அடிமட்டத்தால் கையில் போட்டுச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பழக்கத்தில்தான் எழுதுகிறேன், அம்மா மேடை போட்டுப் பேசுகிறாள் என்று சிரிக்காதே. மூன்று நாளாக எழுதுகிறேன். கொழுந்து மலையில் வேலை முடிந்து வந்து கை கால் கழுவி, வெளிச்சம் இருக்கும்வரை எழுதிவிட்டு, அரிசி வாளிக்குள் ஒளித்து வைக்கிறேன். இந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன், இருந்தும் ஒளித்துத்தான் வைக்கிறேன்.

போன மாதம் நீ அந்த மெசினைத் தூக்கிக்கொண்டு நம்ம தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து சொல்கிறேன். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் மேசை போட்டாய். கொம்பியூட்டர், விரல் வைக்கிற பெட்டி, கண்ணைப் பிடிக்கிற கெமரா எல்லாவற்றுக்கும் வயர் இழுத்தாய். கழுத்தில் நாடா, நாடாவில் உன் படம் போட்ட அட்டை. அன்றைக்குத் தோட்டமே திரண்டு வந்தது புது அடையாள அட்டைக்காக என்று நீ நினைத்திருப்பாய். அட போடா. உன்னைப் பார்க்க வந்தார்கள். வேற்றூர்க்காரன் எவனாவது வந்து விரலைக் கொடு, கண்ணைக் கொடு என்றிருந்தால் பாதிச் சனம் மலைக்குப் போயிருக்கும். "நம்ம புள்ள வந்திருக்கான், அவன் கேட்டா குடுக்காம இருப்பமா" என்று மாரியாயி அக்கா வரிசை நெடுகச் சொல்லிக்கொண்டு நின்றாள். நம் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற அதே மாரியாயி அக்காதான். எனக்கு அடுத்து, என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அதை நினைவில் வைத்துக்கொள்.

என் முறை வந்தது. வீட்டில் என்னை நீ, வா, போ என்பாய். அன்று எல்லோர் முன்னாலும் "உக்காருங்கம்மா" என்றாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் பெயரைக் கேட்டாய், அப்பா பெயரைக் கேட்டாய், உனக்குத் தெரிந்ததையே கேட்டுக் கேட்டுத் தட்டினாய். பிறகு பிள்ளைகள் கட்டம் வந்தது. பிறந்த பிள்ளைகள் எத்தனை என்று திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாய். ஒன்று என்றேன். நீ விடவில்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. பொறந்து எறந்ததும் சேத்துத்தான் கேக்குது."

"ஒண்ணுதான். எழுதிக்க."

நீ தட்டிவிட்டாய். மெசினில் ஒரு சின்னச் சத்தம் வந்தது, அவ்வளவுதான். என் பின்னால் நின்ற மாரியாயி அக்காவுக்கு அது பொய் என்று தெரியும். அவளுக்குப் பின்னால் நின்ற ஆறேழு பேருக்கும் தெரியும். ஒருவரும் மூச்சு விடவில்லை. அக்கா தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மடுவத்தில் விசயம் தெரியாதவன் நீ ஒருத்தன்தான்.

அப்புறம் விரல். பத்து விரலில் எட்டை மெசின் பிடிக்க மாட்டேன் என்றது. முப்பத்தைந்து வருடம் கொழுந்து ஒடித்த கை, அதில் எங்கே இருக்கும் ரேகை? காம்பு கீறி, சாறு ஏறிக் கறுத்து, தோல் வெடித்து, அதன் மேல் இன்னொரு தோல் வளர்ந்து கிடக்கிறது. நீ ஈரத்துணியால் துடைத்தாய். வெசலின் பூசினாய். "அழுத்தாதீங்கம்மா, லேசா வைங்க" என்று ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பிடித்து வைத்தாய். நீ வளர்ந்த பிறகு என் கையை அவ்வளவு நேரம் பிடித்திருந்தது அன்றைக்குத்தான். என் பெருவிரலை உன் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாயே, அப்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கெமரா வெளிச்சம் கூசுகிறதாக்கும் என்று நினைத்து, கண்ணை மூடாதீர்கள் என்று சொன்னாய். நான் மூடவில்லை. நீ கேட்ட கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே பொய் சொன்னவளாக உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெருவிரல் ஏற்கெனவே ஒரு சர்க்கார் புத்தகத்தில் இருக்கிறது, தம்பி. அதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

உனக்கு முன்னால் எனக்கு ஒரு பையன் பிறந்தான். ஐந்து மாதம் இருந்தான். உன்னை மாதிரி ஊரைக் கூட்டுகிற பிள்ளை இல்லை, பசித்தால்கூட முனகுவான், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் பிறந்ததால் பிறப்புப் பதிவு சுலபமாக முடிந்தது. உன் அப்பா ரவிச்சந்திரன் என்று பெயர் கொடுத்தார். ஆமாம், உன் அட்டையில் இருக்கிற அதே பெயர்தான். மேலே படி. மழைக்காலத்தில் பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டது. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்துத் தண்ணி கொடுத்து, நாளைக்குப் பார்ப்போம் என்றார்கள். மறுநாள் நான் அவனைப் பிள்ளைக்காம்பராவில், நீயும் வளர்ந்த அதே பிள்ளை மடுவத்தில், ஆயாவிடம் கொடுத்துவிட்டு மலைக்குப் போனேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. கங்காணி சொல்லவில்லை, உன் அப்பா சொல்லவில்லை. சரியாகிவிடும் என்று நானாகத்தான் போனேன். மத்தியானம் ஆயா ஆள் அனுப்பினாள். கொழுந்து லொறியில் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது என் மடியில் பிள்ளை கனத்துப்போயிருந்தது.

அங்கே வார்டு வாசலில் ஒரு பெரிய புத்தகம் இருந்தது. கிளார்க் பிள்ளையின் பெயரை எழுதினான், வயதை எழுதினான், எங்கள் பெயரை எழுதினான். பிறகு மைத்தட்டை என் பக்கம் தள்ளி, "மெத்தன, அம்மே" என்று சிங்களத்தில் இடத்தைக் காட்டினான். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். நான் சொல்லவில்லை. இடுப்பில் படங்குச் சாக்கும் தலையில் துணியுமாக நின்றவளைப் பார்த்து அவன் விரலைத்தான் கேட்டான், நானும் விரலைத்தான் கொடுத்தேன். அப்போது நல்ல விரல். ரேகை எல்லாம் அச்சடித்த மாதிரி விழுந்தது. பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். மரணம் பதிகிறவரிடம் போகச் சொல்லி ஒரு துண்டும் கொடுத்தார்கள். அந்தத் துண்டு மழையில் நனைந்து கூழாகிப்போனது. மறுபடி போய்க் கேட்க எங்களுக்குத் தெம்பில்லை. ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே ஆற்றோரம் உன் அப்பாவே குழி வெட்டினார்.

பதினோரு மாதம் கழித்து நீ பிறந்தாய். அந்த வாரம் மண்சரிந்து ரோடு அடைபட்டுக் கிடந்தது, லயத்திலேயே பெற்றேன். உன்னை முதலில் கையில் வாங்கியவள் மாரியாயி அக்கா. வீட்டில் பிறந்த பிள்ளையைப் பதியப் போனால் எங்கள் கலியாணப் பதிவைக் கேட்டார்கள், எங்கள் இருவரின் பிறப்புப் பத்திரத்தைக் கேட்டார்கள், உன் தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரத்தைக் கேட்டார்கள். கோயிலில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டவர்களிடம் கலியாணப் பதிவு எங்கே இருக்கும்? உன் அப்பா மூன்று தடவை போனார், மூன்று தடவையும் அடுத்த வாரம் வா என்று திருப்பி அனுப்பினார்கள். டிரங்குப் பெட்டியில் ஒரு பிறப்புச் சான்றிதழ் சும்மா கிடந்தது. ஆண் பிள்ளை. அதே அப்பா, அதே அம்மா. செத்ததையும் யாரும் பதியவில்லை, பிறந்ததையும் யாரும் பதியவில்லை. இதையே வைத்துக்கொள்வோமே என்று சொன்னவள் நான்தான். உன் அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேல் பழி போட்டுவிடாதே, போய்ச் சேர்ந்துவிட்ட மனுசன்.

ஆக, நீ ரவிச்சந்திரன் இல்லை. அது உன் அண்ணன். பள்ளிக்கூடத்தில் உன் பெயர் கூப்பிடுகிற இடாப்பு, பரீட்சைச் சான்றிதழ், பழைய அடையாள அட்டை, நீ பெருமையாகக் கழுத்தில் மாட்டிக்கொள்கிற அட்டை, எல்லாம் அவனுடையது. அவனைவிட நீ ஒரு வருடமும் நாலு மாதமும் இளையவன். எழுதிவிட்டேன். எழுத்து கோணியிருக்கும், பொறுத்துக்கொள்.

இப்போது உனக்கு ஒவ்வொன்றாக விளங்கும். வகுப்பில் நீதான் எப்போதும் குட்டை, எப்போதும் முதல் வாங்கில்தான் உட்கார வைப்பார்கள். இவனுக்குச் சோறு போடுவதில்லையா என்று டீச்சர் என்னைக் கேட்பார். உனக்கு ஒன்பது வயது, அதாவது நிஜத்தில் எட்டுக்கூட ஆகவில்லை, லயத்துப் பையன் ஒருவன் சண்டையில் எதையோ சொல்லிவிட்டான். நீ மூக்கு ஒழுக வந்து நின்று, "அம்மா, நான் செத்துப்போன புள்ளயா?" என்று கேட்டாய். நான் உன்னை அறைந்தேன். ஐந்து விரலும் கன்னத்தில் பதிந்துவிட்டது. அந்தக் கோபத்தோடு அந்தப் பையன் வீட்டு வாசலில் போய் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவன் தாய் உள்ளே போய் மகனை இரண்டு சாத்து சாத்தினாள். அன்றோடு சரி. இருபத்திரண்டு வருடமாக இந்த லயத்தில் ஒருவர் வாயிலிருந்தும் அந்தப் பேச்சு வரவில்லை. நீயும் மறுபடி கேட்கவில்லை. நீ மறந்துபோனாயா, இல்லை என் கைக்குப் பயந்து மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டாயா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. அந்த அறைக்கு மன்னிப்புக் கேட்கிறேன். உண்மையைக் கேட்ட பிள்ளையை அடித்தவள் நான்.

நீ கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட லிந்துலைப் பெண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இனி எதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அவள் குடும்பம் சரியில்லை, வாய் பெரிது, எனக்குப் பிடிக்கவில்லை என்றெல்லாம் சொன்னேனே, அத்தனையும் பொய். தங்கமான பிள்ளை. அவர்கள் சாதகம் கேட்டார்கள், கூடவே உன் அடையாள அட்டைக் கொப்பியும் கேட்டார்கள். உன் நிஜ நாளுக்கு எழுதினால் அட்டையோடு ஒத்துவராது. சரியென்று அட்டையில் இருக்கிற நாளைக் கொடுத்து, அட்டனில் ஒரு சாத்திரக்காரரிடம் எழுதக் கொடுத்தேன். அவர் கட்டம் போட்டுப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைக்குக் கைக்குழந்தையில் பெரிய கண்டம் இருந்திருக்குமே, தப்பிவிட்டானா என்று கேட்டார். தப்பிவிட்டான் சாமி என்று சொல்லிவிட்டு எழுந்தேன். பஸ்ஸில் வரும்போது அந்தச் சாதகத்தை மடியில் வைத்திருந்தேன். செத்த பிள்ளையின் சாதகத்தை ஒரு உயிருள்ள பெண்ணின் சாதகத்தோடு எப்படியடா பொருத்துவேன்? கிழித்துப் போட்டேன். உன்னிடம் பெண் வேண்டாம் என்றேன். நீ ஆறு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் நோர்வூட் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். உன் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டேன், அதற்கும் அந்தப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் காரணம்.

இது பன்னிரண்டு வீட்டு லயம். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும், இங்கே கருவாடு பொரித்தால் அங்கே தெரியும். லயத்தில் பிரைவசி என்று ஒன்றே கிடையாது, டவுனில் வீடு எடுக்கிறேன் வா என்று நீயே எத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறாய். இருக்கலாம். ஆனால் தெரிந்ததை எங்கே சொல்லக் கூடாது என்று இந்தச் சனத்துக்குத் தெரியும். எனக்கும் மாரியாயி அக்காவுக்கும் தண்ணீர்ப் பீலியில் எத்தனை சண்டை. ஒரு தடவை மயிரைப் பிடித்துக்கொண்டு உருண்டிருக்கிறோம். அந்த வெறியிலும் அவள் வாயில் அந்தச் சொல் வந்ததில்லை. உன் மெசினுக்கு அந்தக் கூச்சம் இருக்குமா? அதற்குத் தெரிந்ததை யார் கேட்டாலும், எதற்குக் கேட்கிறார்கள் என்று முகம் பார்க்காமல் சொல்லிவிடும்.

மெசினோடு வந்த அன்று சாப்பிடும்போது உன்னைக் கேட்டேன், இதையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்று. யாரும் பார்க்க முடியாது, பூட்டி இருக்கும் என்றாய். "பூட்டுன்னா சாவி யார் கையில?" என்று கேட்டேன். நீ சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னாய். நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. உன் தாத்தாவும் அவர் அண்ணனும் பிரஜாவுரிமைக்காக ஒரே நாளில், ஒரே மேசையில், ஒரே மையைத் தொட்டு விரல் வைத்தவர்கள். எந்தத் தாளில் வைத்தோம் என்று இருவருக்கும் தெரியாது. தாள் திரும்பி வந்தபோது ஒருவர் இந்தியாக்காரர், ஒருவர் இந்த நாட்டுக்காரர். அண்ணனைக் கப்பலுக்கு ஏற்றினார்கள். பிறகு இவர் செத்தது அவருக்குத் தெரியாது, அவர் செத்தது இவருக்குத் தெரியாது. நம் குடும்பத்தில் விரல் வைத்து நல்லது நடந்து நான் பார்த்ததில்லை. வீட்டுப் பூட்டைத் திருடன் உடைத்தால் வேறு பூட்டு வாங்கலாம். என் கண்ணை எடுத்து வைத்திருக்கிறாயே, அதை யாராவது எடுத்துக்கொண்டு போனால் நான் எந்தக் கடையில் போய் வேறு கண் வாங்குவது?

இதையெல்லாம் சொல்லாமலே செத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். போன வெள்ளிக்கிழமை நீ போன் எடுத்தாய். கொழும்புப் பெரிய ஒபிசில் உன்னை நிரந்தரமாகப் போட்டுவிட்டார்கள் என்றாய். உன் குரலில் அப்படியொரு சந்தோசம் கேட்டு நாளாகிவிட்டது. என்ன வேலை என்று கேட்டேன்.

"பழைய புத்தகமெல்லாம் ஸ்கேன் பண்றோம்மா. ஆஸ்பத்திரி, பொறப்பு, எறப்பு, பள்ளிக்கூடம், எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு சேத்துருவோம். மொதல்ல நம்ம ஊர்ப்பக்கம்தான். இனி நம்ம ஆளுங்களப் பாத்து நீ யாருன்னு ஒருத்தனும் கேக்க முடியாது."

நல்லது சாமி, வேளைக்குச் சாப்பிடு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. உன் அப்பாவை மூன்று தடவை திருப்பி அனுப்பிய கதையை, எதற்குப் போனார் என்பது மட்டும் தெரியாமல், சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நீ. பேப்பர் இல்லாத சனத்துக்குப் பேப்பர் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று உனக்கு ஒரு வெறி. அது நல்ல வெறிதான். ஆனால் ஒன்றை உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நம் பிழைப்பு இத்தனை காலம் ஓடியதே ஒரு புத்தகம் இன்னொரு புத்தகத்தோடு பேசாததால்தான். ஆஸ்பத்திரிப் புத்தகம் ஆஸ்பத்திரியில் கிடந்தது, பள்ளிக்கூட இடாப்பு பள்ளிக்கூடத்தில் கிடந்தது, நடுவில் இருந்த இடைவெளியில் நீ வளர்ந்தாய். அந்த இடைவெளியை அடைக்கிற வேலைக்குத்தான் உனக்குச் சம்பளம்.

ஆஸ்பத்திரிப் புத்தகத்தின் அந்தப் பக்கம் ஒரு நாள் உன் மேசைக்கே வரும். ரவிச்சந்திரன், ஆண், ஐந்து மாதம், இறப்பு. கீழே உன் அப்பா பெயர், என் பெயர், என் பெருவிரல். என் விரல்தான் தேய்ந்துவிட்டதே, ஒத்துப்போகாமல் போகட்டும் என்று ஒரு நப்பாசை. ஆனால் பெயர் போதுமே, தோட்டம் போதுமே. நீ பார்த்தால் உன் கை ஓடாது. வேறு எவனாவது பார்த்தால், செத்தவன் பெயரில் சர்க்கார் வேலை பார்க்கிறவன் என்று உன் சட்டையைப் பிடிப்பான். நீ போட்ட கையெழுத்தெல்லாம் கள்ளக் கையெழுத்தாகிவிடும். திருத்திக்கொள்ளலாமே என்று நீ நினைப்பாய். நானும் நினைத்துப் பார்த்தேன். திருத்த வேண்டுமானால் முதலில் வாய்திறந்து சொல்ல வேண்டும். சொன்ன அன்றைக்கே உன் வேலை போகும், அதன் பிறகு திருத்துவதா வேண்டாமா என்று அவர்கள் யோசிப்பார்கள். சரி, யாரும் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள். அப்போது என் மூத்த பிள்ளை இனிச் சாகவே மாட்டான். உன் கண்ணையும் விரலையும் வைத்துக்கொண்டு அந்தப் பெட்டிக்குள் உயிரோடு இருப்பான். நீ பிறக்காமலே இருப்பாய். இந்த இரண்டில் எது நடக்க வேண்டும் என்று சாமியிடம் கேட்கக்கூட எனக்குத் தெரியவில்லை. கோயிலுக்குப் போனேன், விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன், திரும்பி வந்துவிட்டேன். எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை, தம்பி. வழி தெரிந்தால் எழுதியிருக்க மாட்டேனா?

தாய் என்றால் புத்தி சொல்ல வேண்டுமாம். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. நீ மறுபடி ஏதாவது ஒரு தோட்டத்துக்கு மெசினோடு போனால், ஒருத்தி வந்து உட்காருவாள். பிள்ளைகள் கட்டம் வரும். அவள் ஒரு எண்ணைச் சொல்வாள். அதை எழுதிக்கொள். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க என்று திருப்பிக் கேட்காதே. அவள் யோசித்துத்தான் சொல்கிறாள், நீ பிறப்பதற்கு முன்பிருந்தே யோசித்துக்கொண்டிருக்கிறாள். அன்று நீ இரண்டாம் தடவை கேட்டாயே, அப்போதுதான் நான் அவனை முழுசாகக் கைவிட்டேன். முதல் தடவை சொன்னது பயத்தில் வந்தது. இரண்டாம் தடவை தெரிந்தே சொன்னேன், அவன் தம்பியின் முகத்துக்கு நேரே.

இனி உன் பிறப்பை எழுதுகிறேன், இதற்கு முன் யாரும் எழுதாதது. பொசன் போயா பௌர்ணமிக்கு மறுநாள், ஒரு வெள்ளிக்கிழமை, காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக்குச் சங்கு ஊதியபோது பிறந்தாய். வெளியே மழை. தலை நிறைய முடி. பிறந்ததும் கத்தினாய், பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்டது, உன் அப்பா அழுதுகொண்டே சிரித்தார். முப்பதாம் நாள் ஊரைக் கூப்பிட்டுப் பெயர் வைக்கவில்லை, பெயர்தான் பெட்டியில் தயாராக இருந்ததே. ஆனால் மனசு கேட்காமல் உன் அப்பா உன்னைத் தூக்கி, உன் காதில் ஒரு பெயரை மூன்று தடவை சொன்னார். உனக்கென்று வைத்த பெயர். அதை நாங்கள் இருவரும் வெளியே சொன்னதில்லை. ரவி என்று உன்னைக் கூப்பிடவும் எனக்கு நாக்கு வராது, அது அவனுடையது. அதனால்தான் தம்பி, தம்பி என்றே இத்தனை வருடத்தை ஓட்டிவிட்டேன், நீ கவனித்திருக்க மாட்டாய்.

அந்தப் பெயரை இதில் எழுத மாட்டேன். விரல் போய்விட்டது, கண் போய்விட்டது, பொய்யும் பதிவாகிவிட்டது. அது ஒன்றுதான் யார் கையிலும் அகப்படாமல் இருக்கிறது. படித்து முடித்ததும் இந்தக் காகிதத்தை அடுப்பில் போடு. உனக்கு உண்மையாக இருக்கிற ஒரே பிறப்புச் சான்றிதழ் இதுதான் என்று தெரிந்துதான் சொல்கிறேன், போட்டுவிடு. கோபம் தீர்ந்தால் வா. கோபத்தோடு வந்தாலும் சரி, வந்து இரண்டு அறை அறைந்தாலும் வாங்கிக்கொள்கிறேன், உனக்கு நான் ஒன்று பாக்கி. வந்தால் பக்கத்தில் உட்கார், காதில் சொல்கிறேன். வராவிட்டால் அந்தப் பெயரும் என்னோடு ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே போய்விடும்.

இரண்டு பிள்ளை பெற்ற
உன் அம்மா